கிங் ஸ்னேக்: ஊருக்கு ஊர் மாறும் நிறத்தையும் கோலத்தையும் படிப்பது எப்படி?

கலிபோர்னியாவுக்குக் குடிவந்த நம் ஊர்க்காரர்கள் கிங் ஸ்னேக்கை முதன்முதலாகப் பார்க்கும்போது வாயில் வருகிற வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: கட்டுவிரியன். எனக்கும் அப்படித்தான் ஆனது. சான் டியாகோவுக்கு வந்த முதல் ஏப்ரலில், வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடைப் பாதையில் மாலை நடைக்குப் போயிருந்தேன். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம் வளையமாக ஒன்று பாதையைக் கடந்தது. கால் தானாக நின்றுவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்குக் கறுப்பில் வெள்ளை வளையம் என்றால் வேறு அர்த்தம் கிடையாது. எதிரே வந்த பெரியவர் ஒருவர், "இது கிங், ராட்டில் ஸ்னேக்கையே தின்னும், நம்மை ஒன்றும் செய்யாது" என்று சொல்லி, அது போகும்வரை நின்று வழிவிட்டார். (ராட்டில் ஸ்னேக் என்பது வால் நுனியை ஆட்டிச் சத்தமெழுப்பும் இந்த ஊர் விஷப் பாம்பு.)

இரண்டு வாரம் கழித்து அதே ஓடையில் இன்னொரு பாம்பு. இதற்கு வளையமே இல்லை. கழுத்திலிருந்து வால் வரை முதுகுத்தண்டின் மேல் ஒரே ஒரு மஞ்சள் கோடு. இதுவும் அதே இனம்தான் என்று தெரிந்தபோது நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள், அங்கேயே வழி தவறுகிறார்கள். முதலில் இடம், அடுத்து கோலம், நிறம் கடைசியில். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். 'கிங்' என்ற சொல்லைப் பார்த்து இதை ராஜநாகத்தோடு சேர்த்துவிடாதீர்கள். ராஜநாகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிற, கடும் விஷமுள்ள பாம்பு. கிங் ஸ்னேக் அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு, மனிதருக்கு விஷமில்லாதது. இரண்டும் மற்ற பாம்புகளைத் தின்னும் என்பது மட்டும்தான் ஒற்றுமை. குழப்பம் வேண்டாம் என்பதற்காகவே இங்கே தமிழ்ப்பெயர் எதுவும் வைக்காமல் கிங் ஸ்னேக் என்றே எழுதுகிறேன். இதைவிட முக்கியமானது ஒன்று: இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் ஊருக்கு எடுத்துப்போய்க் கட்டுவிரியன் மேல் சோதித்துப் பார்க்கக் கூடாது. வட அமெரிக்காவில் கட்டுவிரியன் இல்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு நிதானமாக நின்று வளையங்களை எண்ண முடிகிறது.

படி 1: கிங் ஸ்னேக்தானா என்று முதலில் பாருங்கள்

நிறமும் கோலமும் எவ்வளவு மாறினாலும் உடல்வாகு மாறாது. செதில்கள் வழவழப்பானவை, நடுவில் மேடு கிடையாது. வெயில் பட்டால் எண்ணெய் தடவியதுபோல மின்னும். இந்தப் பேரினத்தின் அறிவியல் பெயரான லாம்ப்ரோபெல்டிஸ் என்பதற்கே கிரேக்க மொழியில் பளபளக்கும் கேடயம் என்றுதான் பொருள். தலை சிறியது, கழுத்திலிருந்து பெரிதாகப் பிரிந்து தெரியாது. கண்மணி வட்டமாக இருக்கும். ஆங்கிலத்தில் காமன் கிங் ஸ்னேக் எனப்படும் சாதாரண கிங் ஸ்னேக்குகளுக்கு உதட்டுச் செதில்கள் வெளுப்பாகவும், ஒவ்வொரு செதிலின் ஓரமும் மை தீட்டியதுபோலக் கறுப்பாகவும் இருக்கும். எனக்கு மிகவும் கைகொடுத்த அடையாளம் இந்த உதட்டு வரிசைதான். உடம்பு புல்லுக்குள் மறைந்து தலை மட்டும் தெரிந்தால்கூட இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

கலிபோர்னியாவில் குழப்பும் பாம்புகள் சில உண்டு. கோஃபர் ஸ்னேக்கின் செதில்களில் மேடு இருக்கும், முதுகில் திட்டுத்திட்டாக இருக்கும். கார்ட்டர் ஸ்னேக்குக்கும் முதுகில் கோடு உண்டு. ஆனால் செதில் சொரசொரப்பாக இருக்கும், பக்கவாட்டிலும் பெரும்பாலும் கோடு ஓடும், தண்ணீர் ஓரத்தில்தான் அதிகம் இருக்கும். பேட்ச் நோஸ் ஸ்னேக்குக்கும் முதுகில் அகலமான வெளிர் கோடு இருக்கிறது. அதற்குக் கண் பெரியது, மூக்கு நுனியில் ஒட்டுப்போட்டதுபோல ஒரு பெரிய செதில், ஓட்டமும் வேகம். லாங் நோஸ் ஸ்னேக் கறுப்பும் வெளுப்பும் சிவப்புமாகப் பட்டை போட்டிருக்கும். அதன் வாலுக்கு அடியில் பெரும்பாலான செதில்கள் ஒற்றை வரிசை, கிங் ஸ்னேக்குக்கு இரட்டை வரிசை.

சட்டை கிடைத்தால் விடாதீர்கள். பாம்பைத் தொடாமலே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். உடம்பின் நடுப்பகுதியில் வயிற்றுச் செதிலை விட்டுவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சாய்வாக எண்ணிக்கொண்டே போனால், சாதாரண கிங் ஸ்னேக்குகளில் 19 முதல் 25 வரிசைக்குள் வரும். கழிவுத் துவாரத்தை மூடும் செதில் பிளவுபடாமல் ஒற்றையாக இருக்கும். சட்டையை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பட்டைகளின் நிழலும் மங்கலாகத் தெரியும். என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் ஒரு சட்டையில், கறுப்பு இருந்த இடம் வெளிர்ப் புகை நிறமாகவும், வெள்ளை இருந்த இடம் கண்ணாடிபோலவும் இருக்கிறது.

படி 2: நிற்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

பாம்பைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் குறிப்பு நிறம் அல்ல, இடம். எந்த மாவட்டம், கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், நிலம் புதர்க்காடா புல்வெளியா பாலைவனமா என்று எழுதுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கறுப்புப் பாம்பு ஒன்றின் படத்தை மட்டும் காட்டி இது எந்த கிங் ஸ்னேக் என்று கேட்டால், கென்டக்கியா, மெக்சிகோவின் சொனோராவா என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

ஒரு காலத்தில் இந்தச் சாதாரண கிங் ஸ்னேக்குகள் எல்லாவற்றையும் ஒரே இனமாக, லாம்ப்ரோபெல்டிஸ் கெட்டுலா என்றுதான் வைத்திருந்தார்கள். அதில் கெட்டுலா என்ற இனப்பெயர் லின்னேயஸ் 1766இல் வைத்ததிலிருந்து வந்தது. நிறத்தையும் கோலத்தையும் வைத்து அதற்குள் பல உள்ளினங்களைப் பிரித்திருந்தார்கள். 2009இல் பைரனும் பர்ப்ரிங்கும் மரபணுவை ஆராய்ந்து அதை ஐந்து தனி இனங்களாகப் பிரித்தார்கள். கையேட்டுக்குக் கையேடு பெயர் மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய உள்ளினப் பெயர்கள் இன்றும் ஒரு வட்டாரத்தின் தோற்றத்தைச் சுட்டிக்காட்ட நன்றாக உதவுகின்றன.

கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ரயிலில் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் கரையில், நியூ ஜெர்சியின் தெற்கிலிருந்து புளோரிடாவின் வடக்கு வரை, பளபளக்கும் கறுப்பில் மெல்லிய வெள்ளை அல்லது மஞ்சள் பட்டைகள். அந்தப் பட்டைகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலிபோலத் தெரியும். செயின் கிங் ஸ்னேக் என்று அங்கே சொல்வது அதனால்தான். அப்பலாச்சியன் மலையைத் தாண்டி டென்னசி, கென்டக்கி பக்கம் வந்தால் அந்தச் சங்கிலி தேய்ந்துபோய், கறுப்பு உடம்பில் அங்கங்கே பொட்டுப்பொட்டாக அதன் மிச்சம் மட்டும் இருக்கும். மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வாருங்கள். லூசியானா, ஆர்கன்சா, கிழக்கு டெக்சஸ், ஓக்லஹோமா. இங்கே கிட்டத்தட்ட ஒவ்வொரு கறுப்புச் செதிலுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. உப்பும் மிளகும் தூவியதுபோல என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கறுப்புச் சேலையில் மஞ்சள் சுங்குடிப் புள்ளி போட்டதுபோல என்றால் நமக்குச் சட்டென்று புரியும்.

இன்னும் மேற்கே, மேற்கு டெக்சஸிலும் நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவின் தென்கிழக்கிலும் இருப்பது டெசர்ட் கிங் ஸ்னேக். முதுகில் பெரிய கருந்திட்டுகள், நடுவே மெல்லிய மஞ்சள் குறுக்குக் கோடுகள், பக்கவாட்டில் மட்டும் புள்ளி மழை. அரிசோனாவின் மேற்கிலிருந்து கலிபோர்னியா வழியாக ஓரிகனின் தென்மேற்கு வரை, கீழே பாஹா கலிபோர்னியா வரை, கலிபோர்னியா கிங் ஸ்னேக்கின் ராஜ்ஜியம். பட்டைகள் அகலமாகவும் தெளிவாகவும் இருக்கும், கீழே வயிற்றை நெருங்க நெருங்க இன்னும் அகலமாகும்.

இந்த எல்லைகளில் வேலி கிடையாது. இரண்டு கோலங்கள் சந்திக்கும் இடத்தில் பாம்பும் இரண்டும் கெட்டானாக இருக்கும். அரிசோனாவின் டூசான் சுற்றுவட்டாரத்தில் கலிபோர்னியப் பட்டையும் டெசர்ட் புள்ளியும் ஒரே உடம்பில் கலந்திருப்பதைப் பார்க்கலாம். நடு டெக்சஸில் புள்ளி வகையும் டெசர்ட் வகையும் கலக்கின்றன. அங்கெல்லாம் ஏதோ ஒரு பெயரை வலிந்து ஒட்டாமல், "இடைப்பட்ட கோலம்" என்று எழுதிவிடுவதே சரி.

படி 3: கோலத்தைப் படியுங்கள்

இப்போது பாம்பின் மேல் கண்ணை வையுங்கள். நிறத்தை மறந்துவிடுங்கள், கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. வெளிர்ப்பகுதி குறுக்கே ஓடுகிறதா, நெடுக்கே ஓடுகிறதா? பட்டை என்றால் உடம்பை முழுதும் சுற்றுகிறதா, வயிற்றோரத்தில் நின்றுவிடுகிறதா? பக்கவாட்டில் அகலமாகிறதா, பக்கத்துப் பட்டையோடு கைகோக்கிறதா? பட்டைக்கு உள்ளே ஒவ்வொரு வெளிர்ச்செதிலும் சுத்தமாக இருக்கிறதா, அடியில் அழுக்குப் படிந்ததுபோல இருக்கிறதா? வயிறு வெளுப்பா, கறுப்பா, சதுரங்கக் கட்டமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டால் கலிபோர்னியாவுக்குள்ளேயே எத்தனை வேறுபாடு என்பது பிடிபடும். கடலோர சான் டியாகோவில் பட்டை வகையும் கோட்டு வகையும் ஒரே மேட்டில் வாழ்கின்றன. கிழக்கே மலையைத் தாண்டிப் பாலைவனத்தில் இறங்கினால் கோட்டு வகையைப் பார்க்க முடியாது, எல்லாம் பட்டைதான். லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு மாவட்டக் கரையோரத்தில் கோலம் கலைந்துபோய், பட்டையா கோடா என்று சொல்ல முடியாதபடி கறுப்பு மிகுந்த பாம்புகள் உண்டு. நியூபோர்ட், லாங் பீச் ஊர்களின் பெயரிலேயே அவற்றைக் குறிப்பிடுவார்கள். சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வயிறு கறுத்த பாம்புகள் கிடைக்கும். மேலிருந்து மட்டும் படமெடுத்தால் அதைத் தவறவிடுவீர்கள். பாஹாவின் தெற்கு முனையில் வெளிர்ப்பட்டைகளுக்குள் செதில்களின் அடியில் பழுப்புக் கறை படிந்த பாம்புகளும் உண்டு, முதுகில் மங்கிய கோடு மட்டும் தெரியும் கரும்பாம்புகளும் உண்டு.

பட்டையும் கோடும் ஒரே இனமா என்ற கேள்வி நூறு வருடம் இழுபட்டது. 1835இல் பிளென்வில் கலிபோர்னியே என்று பெயரிட்டு விவரித்தது கோட்டுப் பாம்பை. 1853இல் பேர்டும் ஜிரார்டும் பட்டைப் பாம்புக்கு பாய்லி என்று வேறு பெயர் வைத்தார்கள். பார்த்தால் யாருக்கும் இரண்டு பாம்பு என்றுதான் தோன்றும். சான் டியாகோவில் லாரன்ஸ் கிளாபர் என்று ஒருவர் இருந்தார். மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அதன் தலைமைக்கு உயர்ந்தவர், ராட்டில் ஸ்னேக் ஆராய்ச்சியில் பெரிய பெயர். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து கோட்டுக் குட்டிகளும் பட்டைக் குட்டிகளும் சேர்ந்து வெளிவருவதைக் காட்டி, இது ஒரே பாம்பின் இரண்டு கோலம் என்று 1936இல் எழுதினார். பொரிந்த குட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்திருப்பார் இல்லையா, அந்த நிமிடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் வீடுகளில் ஒரு பிள்ளை அப்பா சாடை, ஒரு பிள்ளை அம்மா சாடை என்று சொல்கிறோமே, அதுபோல ஒரே ஈட்டில் இரண்டு கோலம்.

இதே கதை டெக்சஸிலும் நடந்தது. கிரே பேண்டட் கிங் ஸ்னேக் என்று சாம்பல் நிற அழகி ஒன்று உண்டு. சிலவற்றுக்கு மெல்லிய கறுப்புப் பட்டைகள், சிவப்பு மிகக் குறைவு. சிலவற்றுக்கு அகலமான சிவப்புச் சேணம். முதல் வகைக்கு 1901இல் ஒரு பெயர், இரண்டாம் வகைக்கு 1950இல் பிளேரி என்று இன்னொரு பெயர். பிறகு இரண்டும் ஒரே ஈட்டில் பொரிவது தெரிந்ததும் தனி இனம் என்ற எண்ணம் போய்விட்டது. கோலம் வேறாக இருந்தால் இனமும் வேறு என்று முடிவுகட்டும் முன் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

புளோரிடாவின் மேற்கு நீட்சியில் அப்பலாச்சிகோலா ஆற்றுக்கும் ஒக்லாக்கோனி ஆற்றுக்கும் நடுவே உள்ள தாழ்நிலம் இன்னும் விசேஷம். மிகச் சின்ன நிலப்பரப்பு. அதற்குள் அகலமான வெளிர்ப்பட்டை போட்டவை, கோடு போட்டவை, கோலமே இல்லாதவை என்று மூன்றும் இருக்கின்றன. 2006இல்தான் அவற்றுக்கு மீன்சி என்று தனிப்பெயர் வைத்தார்கள்.

படி 4: நிறத்துக்கு இப்போது வாருங்கள், கொஞ்சம் சந்தேகத்தோடு

நிறத்தில் வட்டார வேறுபாடு உண்மையிலேயே உண்டு. கலிபோர்னியாவில் கடலோரத்துப் பாம்புகள் பெரும்பாலும் சாக்லேட் பழுப்பில் வெண்ணெய் மஞ்சள். பாலைவனத்துப் பாம்புகள் நல்ல கறுப்பில் சுண்ணாம்பு வெள்ளை, ஓரங்கள் கத்தரித்து ஒட்டியதுபோல. நான் முதல்முறை ஆன்சா பொரேகோ பாலைவனத்தில் ஒன்றைப் பார்த்தபோது, எங்கள் ஓடைப் பாம்பைத் துவைத்து நீலம் போட்டு எடுத்ததுபோல இருந்தது.

ஆனால் நிறம் ஏமாற்றும் வழிகள் பல. சட்டை உரிக்கப்போகும் பாம்பின் கண் பால் படர்ந்ததுபோல நீலமாக இருக்கும், உடம்பு முழுக்க மங்கி மஞ்சள்கூட சாம்பலாகத் தெரியும். உரித்த மறுநாள் அதே பாம்பைப் பார்த்தால் வேறு பாம்பு என்று சத்தியம் செய்வீர்கள். சாயங்கால வெயிலில் வெள்ளைப் பட்டை பொன்னாகத் தெரியும், கார் விளக்கில் பழுப்பு கறுப்பாகத் தெரியும். செம்மண் வளைக்குள்ளிருந்து வந்தது என்றால் மண் பூசியிருக்கும். போன் கேமராவும் தன் பங்குக்கு நிறத்தைத் தூக்கிக் காட்டும். அதனால் நிழலில், பகல் வெளிச்சத்தில் ஒரு படமாவது எடுங்கள். பாம்பின் அருகே கையை நீட்டாமல், நின்ற இடத்திலேயே ஒரு வெள்ளைத் தாளையும் அதே வெளிச்சத்தில் தனியாகப் படமெடுத்து வைத்தால் பிறகு ஒப்பிட உதவும்.

வயதையும் பாருங்கள். புள்ளி வகையின் குட்டிக்கு முதுகில் தெளிவான வெளிர்க் குறுக்குக் கோடுகள் இருக்கும், புள்ளிகள் குறைவாக இருக்கும். வளர வளரத்தான் புள்ளி நிறையும். தெற்குப் புளோரிடாவின் கிங் ஸ்னேக் குட்டியாக இருக்கும்போது பட்டை தெளிவாகவும் இடையிடையே செம்மை கலந்தும் இருக்கும். பெரிதாகும்போது செம்மை போய், ஒவ்வொரு செதிலும் மஞ்சளாக வெளுத்து, பட்டை எங்கே என்று தேட வேண்டியதாகிவிடும். அதனால் குறிப்பில் நீளத்தையும் உத்தேசமாக எழுதுங்கள். கலிபோர்னியாவில் வளர்ந்த பாம்பு முக்கால் மீட்டரிலிருந்து ஒன்றேகால் மீட்டர் வரை சாதாரணமாக இருக்கும். முப்பது சென்டிமீட்டர் என்றால் குட்டி.

சில நேரம் நிறமாற்றம் என்று நினைப்பது நோயாகவும் இருக்கும். முகத்தில் வீக்கம், செதிலில் மஞ்சள் பழுப்புப் பொருக்கு, புண்போல் தடிப்பு தெரிந்தால் அது பாம்புகளைத் தாக்கும் பூஞ்சை நோயாக இருக்கலாம். கலிபோர்னியாவில் அந்த நோய் முதலில் உறுதியானதே 2019இல் அமடோர் மாவட்டத்தில் கிடைத்த ஒரு கிங் ஸ்னேக்கில்தான். அப்படி ஒன்றைப் பார்த்தால் தொடாமல் படமெடுத்து மாநில வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். அதே செருப்போடும் குச்சியோடும் அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள்.

படி 5: வளர்ப்புப் பாம்பு தப்பி வந்ததா?

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் கலிபோர்னியா கிங் ஸ்னேக்கும் ஒன்று. கூண்டில் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, வெள்ளையும் மஞ்சளும் ஊதாவுமாக விதவிதமாக உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று புறநகர்ப் பூங்காவில் ஊர்ந்தால் அதை வட்டார நிறம் என்று பதிவு செய்துவிடக் கூடாது. சிவந்த கண், அந்த ஊரில் யாரும் பார்த்திராத கோலம், ஆளைக் கண்டு கொஞ்சமும் விலகாத நடத்தை, பக்கத்தில் குடியிருப்பு என்று எல்லாம் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

இது வெறும் பதிவுச் சிக்கல் மட்டுமல்ல. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் 1998 முதல் கலிபோர்னியா கிங் ஸ்னேக் காட்டில் தென்படுகிறது. வளர்ப்பிலிருந்து தப்பியவை, விடப்பட்டவை. அதனால்தான் அங்கே கோட்டுப் பாம்பும் வெள்ளைப் பாம்பும் காட்டிலேயே திரிகின்றன. பாம்பே இல்லாமல் பரிணமித்த அந்தத் தீவின் பெரிய பல்லிகளுக்குத் தப்பிக்கத் தெரியவில்லை. பாம்பு பரவிய இடங்களில் பல்லிகள் கிட்டத்தட்ட துடைத்தெடுக்கப்பட்டுவிட்டன. பூர்வீக ஊரில் நான் வழிவிட்டு நிற்கிற அதே பாம்பு அங்கே பெரும் துயரம். வளர்க்கிறவர்கள் எக்காரணம் கொண்டும் வெளியே விடாதீர்கள்.

சிவப்புள்ள கிங் ஸ்னேக்குகள்

சிவப்பு, கறுப்பு, வெள்ளை அல்லது மஞ்சள் என்று மூன்று நிறமும் உள்ளவை தனி உலகம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று மட்டும் இப்போதே தெரிந்திருக்க வேண்டும்: பவளப் பாம்பு. அது கடும் விஷம். அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஸ்கார்லெட் கிங் ஸ்னேக்கின் மூக்கு சிவப்பு, அங்குள்ள பவளப் பாம்பின் மூக்கு கறுப்பு. அரிசோனாவில் மலை கிங் ஸ்னேக்கின் மூக்கு வெளுப்பு, பவளப் பாம்பின் தலை கறுப்பு. சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் விஷம் என்ற வாய்ப்பாட்டை எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவைத் தாண்டி மெக்சிகோவுக்கும் அதற்குத் தெற்கேயும் போனால் அது பலிக்காது, கோலம் பிசகிப் பிறந்த பாம்பிடமும் பலிக்காது. உயிரை அந்த வாய்ப்பாட்டின் மேல் வைக்காதீர்கள். கலிபோர்னியாவின் மலை கிங் ஸ்னேக்கில் பார்க்க வேண்டியது, கறுப்புப் பட்டைக்கு நடுவே உள்ள சிவப்பு முதுகின் மேலே முழுதாகக் கடக்கிறதா, பக்கவாட்டில் ஆப்புபோல நின்றுவிடுகிறதா என்பது. இதுவும் மலைக்கு மலை மாறும்.

படி 6: எப்போது போவது, எப்படி நடந்துகொள்வது

தெற்குக் கலிபோர்னியாவில் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை நல்ல காலம். வசந்தத்தில் காலை பத்து மணி வாக்கிலும் மாலையிலும் வெளியே வரும். வெயில் ஏறிய கோடையில் இரவுக்கு மாறிவிடும். மழை பெய்து ஓய்ந்த இளவெயில் நாளை நான் தவறவிடுவதில்லை.

கிடக்கும் பலகையையும் தகரத்தையும் புரட்டிப் பார்ப்பது இங்கே வழக்கம். கையை அடியில் விடாதீர்கள். கொக்கியால் உங்களை நோக்கி உயர்த்துங்கள், அப்போது பலகை உங்களுக்கும் பாம்புக்கும் நடுவே கேடயமாக நிற்கும். கிங் ஸ்னேக் இருக்கிற இடத்தில் ராட்டில் ஸ்னேக்கும் இருக்கும். அதைத் தின்னத்தானே இது அங்கே இருக்கிறது! பார்த்து முடித்ததும் பலகையை இருந்தது இருந்தபடி வையுங்கள். அடியில் பாம்பு இருந்தால் அதை முதலில் நகரவிட்டு, பலகையை வைத்த பிறகு ஓரமாக அது நுழைந்துகொள்ளட்டும். அந்த ஈரமும் சூடும் கெட்டுப்போனால் அடுத்த வருடம் அங்கே எதுவும் இருக்காது.

பிடிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கலிபோர்னியாவில் ஊர்வனவற்றைப் பிடிக்க மீன்பிடி உரிமம் வேண்டும், தேசியப் பூங்காக்களில் தொந்தரவு செய்வதே தடை. தொட்டால் அது வாலைச் சருகில் அடித்து ராட்டில் ஸ்னேக்போலச் சத்தமெழுப்பும், நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும், சில நேரம் கடிக்கவும் செய்யும். விஷமில்லை என்றாலும் காயம் காயம்தான். எப்படியோ தொட நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், பாம்புகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம்.

படி 7: படமும் குறிப்பும்

ஒரு பாம்புக்கு நான்கு படம் போதும்: மேலிருந்து முழு உடம்பு, பக்கவாட்டில் நடுப்பகுதி, தலை, வால். வயிறு தெரியும்படி அது கல்லின்மேல் ஏறினால் ஐந்தாவது. குறிப்பில் கண்டதை மட்டும் எழுதுங்கள். "பழுப்பில் மஞ்சள், பட்டைகள் 31, கழுத்திலிருந்து நான்காவது பாதியில் நிற்கிறது, வயிறு வெளுப்பு, நீளம் சுமார் 80 செ.மீ., கடலிலிருந்து 12 கி.மீ." இப்படி. இனத்தின் பெயரும் வட்டாரப் பெயரும் கடைசி வரியில் வரட்டும், வேண்டுமானால் பென்சிலில். பெயர் நாளைக்கு மாறலாம், 31 மாறாது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவேற்றினால் அனுபவசாலிகள் பார்த்துத் திருத்துவார்கள். பலகையும் பாறையும் இருக்கும் துல்லியமான இடத்தை மறைத்துப் போடுங்கள், பாம்பு பிடித்து விற்பவர்களும் அதே படங்களைப் பார்க்கிறார்கள். பதிவுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் பெய்ன்ஸ் ப்ரேரியைச் சொல்வேன். புளோரிடாவில் கெயின்ஸ்வில் பக்கத்துச் சதுப்புவெளி அது. ஒரு காலத்தில் அங்கே கிங் ஸ்னேக் மண்டிக் கிடந்தது, பிறகு காணாமலே போய்விட்டது. அது முன்பு இருந்ததென்று இன்று நமக்குத் தெரிவதே, யாரோ அன்று போய்ப் பார்த்து எழுதி வைத்ததால்தான்.

பழைய படங்களை அழிக்காதீர்கள். பட்டை உடைந்த இடம், கோடு விட்டுப்போன இடம் ஒவ்வொரு பாம்புக்கும் கைரேகைபோலத் தனி. போன ஏப்ரலில் ஓடைப் பாதையில் ஒன்றைப் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து மூன்று வருடத்துப் படங்களோடு வைத்துப் பார்த்தால், கழுத்திலிருந்து ஏழாவது பட்டை இடப்பக்கம் இரண்டாக உடைந்து, நடுவில் ஒற்றைக் கறுப்புச் செதில். முதல் படத்திலும் அதே உடைப்பு, அதே செதில். அப்போது என் முழங்கை நீளம் இருந்தது. இப்போது அது அந்த ஒற்றையடிப் பாதையின் அகலத்துக்கு நீண்டு கிடந்தது.